மார்க்கண்டுவின் பின்கதவு

சலூன் மார்க்கண்டு செத்துப்போனார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சண்டிலிப்பாய் முழுக்கப் பரவியபோது, ஆழ்வாப்பிள்ளை கிணற்றடியில் பல்லுத் துலக்கிக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் அவருக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. "ஐயோ, வாற சனிக்கிழமை!" என்பதுதான். வெட்கம்கெட்ட நினைப்புத்தான், ஆனால் வந்ததை வந்தது என்றுதானே சொல்லவேண்டும். துக்கம் வாய் கொப்பளித்து முடிந்த பிறகு வந்தது. வந்தபோது நன்றாகவே வந்தது. கிணற்றுக் கட்டிலே குந்திவிட்டார்.

சனிக்கிழமைக்கு என்ன என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும்.

ஆழ்வாப்பிள்ளைக்கு வயது எழுபது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊருக்கு இன்றைக்கும் அவர் மனேஜர்தான். எழுபது வயதிலும் தலையில் ஒரு நரை கிடையாது. வருடத்துக்கு ஒருதரமாவது வாசிகசாலையில் 'ஒழுக்கமும் உடல்நலமும்' என்று பேசுவார். விடியற்காலை நாலரைக்கு எழும்பவேண்டும், தலைக்கு நல்லெண்ணெய் வைக்கவேண்டும், மீன், இறைச்சி என்று மச்சம் தொடக்கூடாது, பொய் சொல்லக்கூடாது. பேசி முடித்துவிட்டுத் தற்செயலாகப்போலக் கையால் தலையை ஒருதரம் தடவுவார். அவ்வளவுதான், சபை மயங்கிப்போய்விடும். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளை நாலரைக்கு எழுப்புவார்கள். பாவம் பிள்ளைகள்.

அந்தத் தலை இருபத்துமூன்று வருடத்துக்கு முன்பே நரைத்த தலை. மூன்று கிழமைக்கு ஒரு சனிக்கிழமை, ஊர் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம் பார்த்து, சலூனுக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையால் போய்ப் பின்கதவைத் தட்டுவார். மார்க்கண்டு திறப்பார். ஒரு மணித்தியாலத்தில் மனேஜர் கறுத்த தலையோடு வெளியே வருவார், கையில் கடதாசி சுற்றிய ஒரு போத்தல் எண்ணெயோடு. கடையில் விற்கிற மை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒருதரம் பூசிப் பார்த்து, முகம் வீங்கிக் கண் திறக்கமுடியாமல் மூன்று நாள் கிடந்தார். மார்க்கண்டு அவுரி இலையும் மருதோன்றியும் இன்னும் எதையெதையோ சேர்த்து மண்பானையில் மூன்று நாள் ஊறப்போட்டுச் செய்கிற மைதான் ஒத்துக்கொண்டது. என்ன சேர்த்தார் என்று மார்க்கண்டு சொன்னதில்லை, மனேஜரும் கேட்டதில்லை.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. மார்க்கண்டுவின் தகப்பனார் அந்தக் காலத்தில் தகரப்பெட்டியோடு மனேஜரின் தகப்பனாருக்குத் தலைமயிர் வெட்ட வருவார். முன்வாசலால் வரக்கூடாது. வளவைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து, மாட்டுக் கொட்டிலடியில் வெட்டிவிட்டுப் போகவேண்டும். இப்போது அந்த வீட்டு மகன் இந்த வீட்டு மகனின் பின்கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். மார்க்கண்டு அதைப்பற்றி ஒரு சொல் சொன்னவரில்லை. ஆனால் கதவைத் திறக்க ஒரு நிமிஷம் கூடுதலாக எடுப்பார், அது மனேஜருக்குத் தெரியும். ஊர் மார்க்கண்டுவை 'அவன்' என்றுதான் சொல்லும். இந்தக் கதையில் அவர் 'அவர்'தான்; பிடிக்காதவர்கள் வேறு கதை பார்க்கட்டும்.

ஊருக்கு அவர்மேல் உயிர். அதில் சந்தேகம் வேண்டாம். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லோரும் ஓடினபோது, அவர் வீட்டு அலுமாரியை விட்டுவிட்டுச் சலூன் கதிரையை வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனவர். மட்டுவிலில் ஒரு மாமரத்துக்குக் கீழே அதைப் போட்டு, இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கெல்லாம் வெட்டினார். "வீடு இல்லாட்டிப் பரவாயில்லை, தலை வடிவாய் இருக்கவேணும். அப்பதான் சனம் மனிசர் மாதிரிக் கதைக்கும்" என்பார். பிறந்த பிள்ளையின் முதல் மயிர் அவர்தான் எடுக்கவேண்டும், மாப்பிள்ளைக்கு அவர்தான் சவரம் செய்யவேண்டும். அவர் கதிரையில் இருந்து மனிதர்கள் சொல்லாத கதை இல்லை. அந்தக் கதைகளில் ஒன்றாவது வாசற்படி தாண்டிப் போனதும் இல்லை.

ஆனால் ஒரு பேச்சு இருந்தது. பின்கதவால் ஆம்பிளையள் ஒளித்து ஒளித்துப் போகிறார்கள், கடதாசி சுற்றின போத்தலோடு வருகிறார்கள், உள்ளேயிருந்து புளிச்ச மணம் வருகிறது. வேறென்னவாம்? கசிப்பு, கள்ளச் சாராயம்! பன்னிரண்டு வருடத்துக்கு முன் பொலிஸ்கூட வந்தது. பானையை மணந்து பார்த்து முகத்தைச் சுளித்து, அதை உடைத்துப்போட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பகல் முழுக்க வைத்திருந்தது. "மருந்து" என்பதற்குமேல் அவர் வாயில் இருந்து ஒன்றும் வரவில்லை. ஆருக்கு மருந்து என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியில் போ என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு மனேஜருக்குக் காய்ச்சல், போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை பயந்து பயந்து போய்ப் பின்கதவைத் தட்டியபோது மார்க்கண்டு சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, இந்தமுறை கொஞ்சம் மெல்லிசாத்தான் பூசலாம். பானை உடைஞ்சதிலை இலை காணாது."

செத்தவீட்டுக்கு ஊரே போனது. திரும்பி வருகிற வழியில் மனேஜரின் மனைவி இரத்தினம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "தங்கமான மனிசன். உந்தக் கசிப்பு வேலையை மட்டும் விட்டிருந்தால்" என்றா. மனேஜர் செருப்பில் கல் புகுந்துவிட்டதுபோலக் குனிந்துகொண்டார்.

நாலாம் நாள் மார்க்கண்டுவின் மகள் தர்சிகா வந்தாள். கரவெட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை. முன்வாசலால் வந்து, கதிரையில் இருந்து, "அங்கிள்" என்றாள். தகப்பன் 'ஐயா' என்றது நினைவில் வர, மனேஜருக்கு ஒரு கணம் என்னவோபோல் இருந்தது. பிறகு அந்த நினைப்புக்கே வெட்கப்பட்டார்.

"அங்கிள், அப்பான்ரை கல்வெட்டை நீங்கள்தான் எழுதவேணும். முப்பத்தோராம் நாள் நீங்களே நிண்டு வாசிக்கவும் வேணும்."

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுகிறது இல்லை. செத்தவரின் வாழ்க்கையையும் தேவாரத்தையும் பிள்ளைகளின் புலம்பலையும் அச்சடித்து, முப்பத்தோராம் நாள் சாப்பிட வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம். சண்டிலிப்பாயில் யார் செத்தாலும் மனேஜர்தான் எழுதுவார். அவரிடம் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. பேரையும் ஊரையும் மாற்றினால் அடுத்தவருக்கு ஆகிவிடும். ஒருமுறை கலியாணமே கட்டாத ஒரு மனிதருக்கு 'மனைவி புலம்பல்' என்று எட்டுப் பாட்டு அச்சாகிப்போனது. ஊர் அந்த மனைவியைக் கொஞ்ச நாள் தேடியது.

"அதுக்கென்ன பிள்ளை, எழுதுறன்" என்றார் மனேஜர்.

"இன்னொண்டு, அங்கிள்." தர்சிகா ஒரு பையைத் திறந்து ஒரு சின்ன மண்பானையை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே அடியில் காய்ந்துபோன கறுப்புச் சக்கை. "அப்பான்ரை பின்னறையிலை இருந்தது. அந்த அறைக்குள்ளை எங்களை விடமாட்டார். மணந்து பாருங்கோ."

மணக்கத் தேவையில்லை. இருபத்துமூன்று வருடம் மணந்த மணம்.

"இது கோடாவோ அங்கிள்?" என்று கேட்டாள். கோடா என்றால் கசிப்புக் காய்ச்சப் புளிக்கவைக்கிற ஊறல்.

"சீச்சீ! உது ஏதோ மூலிகையாக்கும்."

"என்ன மூலிகை? ஆருக்கு?"

"அது... எனக்கெப்பிடிப் பிள்ளை தெரியும்?" என்றார், பொய் சொல்லக்கூடாது என்று வருடத்துக்கு ஒருதரம் சபையில் சொல்கிற மனிதர்.

தர்சிகா பானையைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். "அப்பா கசிப்பு விக்கேல்லை எண்டு நீங்கள் கல்வெட்டிலை எழுதவேணும். மனேஜர் எழுதினால் ஊர் நம்பும். முப்பத்தொண்டு முடிஞ்சால் பேந்து ஆர் அப்பாவைப் பற்றி இருந்து கதைக்கப்போகினம்? கதைச்சாலும் இதைத்தான் கதைப்பினம். அப்பான்ரை பேர் உங்கடை கையிலைதான் இருக்கு, அங்கிள்."

அவள் போன பிறகு மனேஜர் பழைய கல்வெட்டை எடுத்து விரித்தார். கசிப்பு விற்கவில்லை என்று எழுதலாம். அப்படியென்றால் பின்கதவால் போனவர்கள் என்னத்துக்குப் போனார்கள் என்று ஊர் கேட்கும். அதற்குப் பதில் அவர் தலையிலேயே இருந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டும் இருந்தது.

பத்தாம் நாள் காதோரம் வெள்ளை தெரிந்தது. மனேஜர் துவாயை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். "தடிமன்" என்று மனைவிக்குச் சொன்னார், சளி பிடித்ததுபோல மூக்கை உறிஞ்சிக்கொண்டு. சித்திரை வெயிலில் தடிமனா என்று இரத்தினம்மா கேட்கவில்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தா. மூன்று நேரமும் கொடுத்தா.

மார்க்கண்டுவைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கள், கல்வெட்டில் சேர்க்கலாம் என்று மனேஜர் ஆள் அனுப்பியிருந்தார். முதலில் வந்தவர் சூசைதாசன். மினிபஸ் வைத்திருக்கிறவர், அறுபத்துமூன்று வயது, மீசையை முறுக்கிவிட்டிருப்பார். தலையில் ஒரு கிரிக்கெட் தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டிருந்தார்.

"என்ன சூசைதாசன், தொப்பி?"

"தடிமன், அண்ணை."

அடுத்ததாக வந்தவர் நாகலிங்கம், ஓய்வுபெற்ற அதிபர். அவருக்கும் தடிமன். அவர் போட்டிருந்தது நுவரெலியாவில் வாங்கின கம்பளிக் குல்லா. வேர்வை நாடியால் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வாசிகசாலைப் பக்கம் போய்ப் பார்த்தால் இன்னும் ஐந்தாறு பேர் தலையை மூடிக்கொண்டு திரிகிறார்கள். ஊரில் ஏதோ புதுக் காய்ச்சல் என்று யாரோ சொல்லி, சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து கிணறுகளுக்குக் குளோரின் போட்டுவிட்டுப் போனார். மனேஜரும் காய்ச்சல்தான் என்று நம்பினார். தன் தலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிற மனிதனுக்கு மற்றவன் தலை எங்கே தெரியப்போகிறது!

நாகலிங்கம் மார்க்கண்டுவின் குணங்களைச் சொல்லிக்கொண்டே வந்து, வேர்வை தாங்காமல் குல்லாவை ஒரு நிமிஷம் தூக்கி நெற்றியைத் துடைத்தார். துடைத்துவிட்டு நிமிர்ந்தால், மனேஜரும் சூசைதாசனும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே கறுப்பு, அடியில் ஒரு விரல்கடை வெள்ளை.

பிறகு சூசைதாசன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். மனேஜர் துவாயை அவிழ்த்தார்.

"எனக்குச் சனி" என்றார் மனேஜர்.

"எனக்குச் செவ்வாய்" என்றார் சூசைதாசன்.

"எனக்குப் புதன்" என்ற நாகலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "பாரும் அந்த மனிசனை! எனக்கு மட்டும்தான் செய்யிறான் எண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்!"

"அவன் அப்பிடிச் சொன்னவனே?" என்று சூசைதாசன் கேட்டார்.

"சொல்லேல்லை. ஆனால் இல்லையெண்டும் சொல்லேல்லை."

மனேஜருக்கும் உள்ளே சுள்ளென்று ஒரு பொறாமை குத்தியது. செத்த மனிதன்மேல், அதுவும் மைக்காகப் பொறாமை! மனிதன் என்ன பிறவியோ தெரியாது.

பிறகு அவர் தர்சிகா பானையோடு வந்த கதையைச் சொன்னார். மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். மூன்று பேரும் கூடி யோசித்தார்கள். நாலு நாள் யோசித்தார்கள். கசிப்பு இல்லை என்று எழுதவேண்டும். மை என்றும் எழுதக்கூடாது. எப்படி?

"தோல் வருத்தத்துக்கு மருந்து குடுத்தவர் எண்டு எழுதுவம்" என்றார் நாகலிங்கம்.

"விசரே உமக்கு? எல்லாருக்கும் சொறி எண்டு நினைப்பினம். நான் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறன்" என்று சூசைதாசன் பாய்ந்தார்.

"அப்ப மூலத்துக்கு."

"அதுக்குத் துவக்கத்திலை சொன்னதே திறம்."

"அப்ப நீங்கள் ஆரும் ஒராள் ஒத்துக்கொள்ளுங்கோவன், எனக்குத்தான் மை பூசினவர் எண்டு. ஒரு பேர் போதும். மிச்சப் பேர் தப்பலாம்" என்றார் மனேஜர். மற்ற இருவரும் அவரையே பார்த்தார்கள். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கடைசியில் ஒரு வசனம் பிடிபட்டது: 'அன்னார் தமது ஓய்வு நேரங்களில் மூலிகை ஆராய்ச்சியிலும் ஈடுபாடு கொண்டிருந்தார்.' நல்ல வசனம். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. முந்நூறு பிரதி அச்சாகி வந்தது. நாகலிங்கம் அதற்கிடையில் ஒரு கோயிலில் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார், நேர்த்தியாம். மூன்றாம் நாள் மொட்டையில் உப்புத் தூவினமாதிரி வெள்ளை முளைத்தது. திரும்பவும் குல்லாவைப் போட்டார்.

முப்பதாம் நாள் காலையில் மனேஜர் முகம் கழுவத் துவாயை அவிழ்த்து யன்னல் கம்பியில் போட்டார். இரத்தினம்மா அதைத் தோய்க்க எடுக்க வந்தா. வந்தவ நின்ற இடத்தில் நின்றுவிட்டா.

"ஐயோ, என்ரை கடவுளே!" என்று ஒரு சத்தம். "மார்க்கண்டுவின்ரை கவலையிலை நரைச்சுப்போச்சே! ஒரு மாசத்திலை இப்பிடி நரைச்சுப்போச்சே! நான் தடிமன் எண்டு கொத்தமல்லி அவிச்சு அவிச்சுத் தந்தனே, பாவி!"

அவ தலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டா. மனேஜர் திகைத்துப்போய் நின்றார். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவர் யோசித்ததே இல்லை. என்ன அருமையான வழி! மார்க்கண்டு செத்த துக்கத்தில் மனேஜரின் தலை நரைத்துவிட்டது! ஒருதரும் சிரிக்கமாட்டார்கள். கையெடுத்துக் கும்பிடுவார்கள். தலைமயிர் வெட்டுகிற ஒரு பரியாரிக்காக மனம் உடைந்த பெரிய மனிதன் என்று அடுத்த ஊர்வரைக்கும் கதை போகும். வாயைத் திறக்கக்கூடத் தேவையில்லை, மனைவியே ஊருக்குச் சொல்லிவிடுவா.

இரத்தினம்மா சேலைத் தலைப்பால் அவர் தலையைத் துடைத்துவிட்டா. "என்ன பாசமப்பா உங்களுக்கு. அவன் கசிப்பு வித்தவன் எண்டு தெரிஞ்சும்..."

அதிலேதான் போய் இடித்தது. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் மனேஜர் தப்பியிருப்பார், இந்தக் கதையும் இராது.

"இஞ்சாரும்" என்றார். "அவன் கசிப்பு விக்கேல்லை. எனக்கு மை பூசினவன். இருவத்திமூண்டு வருசமா."

இரத்தினம்மாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. அவவுக்கு வயது அறுபத்தாறு. தலை முழுக்கப் பஞ்சு. கலியாண வீடுகளில் தெரியாத ஆட்கள் மனேஜரிடம், "அக்காவும் வந்திருக்கிறாவோ" என்று கேட்பார்கள். மனேஜர் சிரித்துச் சமாளிப்பார். அதற்குமேல் இன்னொன்றும் இருந்தது.

"அப்ப மச்சம்?" என்றா மெதுவாக.

மனேஜர் நிலத்தைப் பார்த்தார்.

"நான் கடற்கரையிலை, மாதகல்லிலை பிறந்தவள். மச்சம் இல்லாமல் ஒரு பிடி சோறு இறங்காத எனக்கு, மச்சம் விட்டால் நரையாது எண்டு சொன்னது நீங்கள்! இருவத்திமூண்டு வருசம்! ஒரு நெத்தலி, ஒரு கூனி இறால்! தலையும் நரைச்சு, நாக்கும் செத்து... இப்பிடி ஏமாத்தி என்னோடை குடும்பம் நடத்தினியளே நீங்கள்?"

பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனா. இரண்டு ஒட்டி மீன் வாங்கிவந்து, புளி விட்டுக் குழம்பு வைத்து, மனேஜருக்கு முன்னால் சம்மாணம் கட்டி இருந்து, முள்ளுச் சூப்பிச் சாப்பிட்டா. பாதிச் சாப்பாட்டில் கண்ணில் இருந்து தண்ணீர் ஓடியது. கோபத்தாலா ருசியாலா என்று கேட்கிற தைரியம் மனேஜருக்கு இல்லை. கை கழுவிவிட்டு வந்துதான் வாயைத் திறந்தா.

"எனக்கு மட்டும் சொன்னது காணாது. அந்தப் பொம்பிளைப்பிள்ளை தேப்பன்ரை பானையைத் தூக்கிக்கொண்டு இஞ்சை வந்ததெல்லே. நாளைக்கு அங்கை சொல்லுங்கோ. சொல்லாட்டி என்னோடை கதைக்க வராதேங்கோ."

முப்பத்தோராம் நாள். விடியப்புறம் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, மத்தியானம் மார்க்கண்டுவின் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, சனம் நிறைந்திருந்தது. படத்துக்குப் பூமாலை. முன்வரிசைப் பாயில் தர்சிகாவும், தாய் பூரணமும். அந்தப் பக்கம் இரத்தினம்மா, நிமிர்ந்து, கண்ணை மனேஜரைவிட்டு எடுக்காமல். ஆம்பிளையள் பக்கத்தில் ஒரே தொப்பியும் துவாயும்.

மனேஜர் துவாய்த் தலையோடு எழுந்து கல்வெட்டை வாசித்தார். பிறப்பு வந்தது, கலியாணம் வந்தது, மட்டுவில் மாமரம் வந்தது. சனம் 'ச்சு' கொட்டியது. பிறகு அந்த வசனமும் வந்தது. "அன்னார் தமது ஓய்வு நேரங்களில் மூலிகை ஆராய்ச்சியிலும்..."

பின்னால் இருந்து யாரோ, "ஓமோம், ஆராய்ச்சிதான்" என்று சொல்லிப் பெருவிரலை வாயில் சரித்துக் காட்டினான். நாலு பேர் சிரித்தார்கள். தர்சிகா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கையில் இருந்த கல்வெட்டு மடியில் விழுந்தது, அவள் எடுக்கவில்லை.

மனேஜருக்கு அடுத்த வரி தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் எழுத்து அலைந்தது. புத்தகத்தை மூடினார்.

"நான் எழுதினது பிழை" என்றார். "ஆராய்ச்சியுமில்லை, கசிப்புமில்லை." துவாயை அவிழ்த்தார். அடியில் வெள்ளையும் நுனியில் கறுப்புமாய், மூன்று கிழமையாய் வெளிச்சம் காணாத தலை. "அந்தப் பின்கதவாலை ஒளிச்சு வந்தவன் நான். நான் கொண்டுபோன போத்திலுக்கை இருந்தது தலைக்கு வைக்கிற எண்ணெய். பானைக்கை புளிச்சது அவுரி இலை. பொலிஸ் வந்து பிடிச்ச அண்டைக்கு மார்க்கண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் விட்டிருப்பாங்கள். என்ரை பேரைச் சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை. நான் வீட்டிலை போர்த்துக்கொண்டு படுத்திருந்தனான். வாசிகசாலையிலை ஆக்கள் கசிப்பு எண்டு கதைக்கேக்கையும் நான் பக்கத்திலை இருந்தனான். வாயைத் திறக்கேல்லை. பன்னிரண்டு வருசம்."

யாரோ ஒரு பொடியன் களுக்கென்று சிரித்தான். தாய் அவன் வாயைப் பொத்தினா.

சூசைதாசன் எழுந்து தொப்பியைக் கழற்றினார். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பழகின மனிதன்; அவருக்கு இரண்டாவதாக நிற்பது அவ்வளவு கஷ்டமில்லை. "எனக்குச் செவ்வாய்க்கிழமை" என்றார், வேறொன்றும் சொல்லத் தெரியாமல். நாகலிங்கம் குல்லாவை இன்னும் கீழே இழுத்துவிட்டார். இழுத்த கையை அவர் மனைவி எட்டிப் பிடித்து, குல்லாவை உருவி, தன் மடியில் வைத்துக்கொண்டா. அதற்குப் பிறகு அங்கங்கே பொம்பிளையள் எழுந்தார்கள். ஒவ்வொரு துவாயாக அவிழ்ந்தது. மொத்தம் பதினொரு தலை. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பெருவிரலைச் சரித்துக் காட்டினவனின் தகப்பன் தலையும் அதில் ஒன்று.

தர்சிகா சிரிக்கவில்லை. அழுதுகொண்டு மனேஜரைப் பார்த்து, "ஏன் அங்கிள் அண்டைக்கே சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள்.

"பயம், பிள்ளை" என்றார். "வேறொண்டுமில்லை."

அந்தச் சிரிப்புக்கு நடுவில் பூரணம் எழுந்து வந்தா. முப்பத்தொரு நாளும் யாரோடும் பேசாமல் இருந்த மனிசி. மனேஜருக்கு முன்னால் வந்து நின்றதும், சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"நானும் கோடா எண்டுதான் நினைச்சனான், ஐயா" என்றா. "கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடுவாரோ எண்ட பயத்திலை கேக்கேல்லை. பன்னிரண்டு வருசம் அந்த மனிசனுக்குச் சோத்தைப் போட்டுவைச்சிட்டு அங்காலை போயிடுவன். பக்கத்திலை இருக்கிறேல்லை. அவரும் ஏனெண்டு கேக்கேல்லை."

ஊரில் போன பேரைத்தான் மனேஜர் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளே, சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் என்ன போனதென்று நினைக்கவில்லை. "என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை" என்றார்.

பூரணம் அவர் தலையையே பார்த்துக்கொண்டு நின்றா.

"அவர் பூசினது நான் ஒருநாளும் கிட்ட நிண்டு பாக்கேல்லை" என்றா. "கொஞ்சம் குனியுங்கோ, ஐயா."

மனேஜர் குனிந்தார். ஊருக்கு முன்னால், இடுப்பளவுக்குக் குனிந்து நின்றார். பூரணம் விரலால் அந்த மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தா. வெள்ளையைத் தாண்டி, கறுப்புத் தொடங்குகிற இடத்தில் விரலை வைத்து, காதோரம் முதல் பிடரிவரைக்கும் மெல்லத் தடவிக்கொண்டு போனா.

"ஒரு திட்டும் இல்லை" என்றா. "வடிவாய்ப் பூசியிருக்கிறார்."